வீக்கம் வடியும் வரை

திருவல்லிக்கேணி, சென்னை
திருவள்ளுவர் ஆண்டு 2008, கார்த்திகை 5
(20-11-1977)

அன்பிற்குரிய பாண்டியம்மாளுக்கு,

நலம் என்று எழுதப் போய்ப் பேனாவை நிறுத்தினேன். உண்கிறேன், உறங்குகிறேன், காய்ச்சல் இல்லை. இவற்றைக் கூட்டினால் நலம் என்று வருமானால் நலமே.

கட்டை அவிழ்த்து இரண்டு திங்களுக்கு மேல் ஆகிறது. ஆரப்பாளையம் நாற்சந்தியில், தேர்தல் மேடையில், என் பேச்சு உச்சத்தில் நின்ற நேரம் இருட்டிலிருந்து பறந்து வந்த சோடாப் புட்டி என் மூக்கை உடைத்ததை நீ நேரில் கண்டவள். மதுரையில் நிமிர்த்திய எலும்பு கோணியதும், அதைச் சீராக்க இங்கு வந்ததும், என் இடுப்பிலிருந்து எலும்புத் துண்டெடுத்து மூக்குத் தண்டில் பதித்ததும் நீ அறிந்தவையே. தண்டு இன்று நேராக நிற்கிறது. அதில் எனக்குக் குறையில்லை. குறையெல்லாம் நுனியில்.

நுனி தடித்திருக்கிறது. பிசைந்த மாவை உருட்டி ஒட்டியது போல் இருக்கிறது. மேல் நோக்கித் தூக்கியும் இருக்கிறது. பேசும்போது உதடு அசைகிறது, கன்னம் அசைகிறது. நுனி மட்டும் தனக்குத் தொடர்பில்லாத செய்தியைக் கேட்பவனைப் போல் அசையாமல் நிற்கிறது. தொட்டால் விரல் மூக்கை உணர்கிறது, மூக்கு விரலை உணர்வதில்லை.

அரசு மருத்துவமனை மருத்துவர் நல்லவர். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒன்றையே சொல்கிறார். "நுனியிலதாங்க வீக்கம் கடைசியா வடியும். வருஷம் ஒண்ணு ஆகும். அதுவரைக்கும் கண்ணாடி பாக்காதீங்க." கண்ணாடி பார்க்காமல் இருந்துவிடலாம். என்னைப் பார்ப்பவர்களின் கண்களை என்ன செய்வது?

நீ கேட்கலாம்: ஊருக்கெல்லாம் அறிவுரை சொன்ன வாய்க்கு அழகைப் பற்றிய கவலை ஏன் என்று. இது அழகைப் பற்றிய கவலை அன்று, பாண்டியம்மாள். மேடையில் நான் உயரத்தில் நிற்பவன். மக்கள் கீழிருந்து என்னை அண்ணாந்து பார்ப்பவர்கள். தூக்கிய இந்த நுனிக்குக் கீழே அவர்களுக்கு முதலில் தெரியப்போவது இரண்டு துளைகள். அவற்றைப் பார்த்துக்கொண்டு எவனாவது என் கொள்கையைக் கேட்பானா?

உன் தங்கை தங்கத்தின் திருமணத்தைத் தை இறுதிக்குள் வைக்கலாம் என எழுதியிருந்தாய். அதற்குள் வீக்கம் வடியுமானால் வந்து நடத்தி வைக்கிறேன். கேட்பவர்களிடம் ஓய்வில் இருக்கிறேன் என்று சொல். இதில் பொய் ஏதுமில்லை.

அன்புடன்,
முத்திருளன்

ஆரப்பாளையம், மதுரை
27-11-1977

மாமாவுக்குப் பாண்டியம்மாள் எழுதுவது.

கடிதம் வந்தது. பள்ளியிலிருந்து வந்து, குழாயடியில் நின்று தண்ணீர் பிடித்து, உலை வைத்துவிட்டுப் படித்தேன். உங்கள் கடிதத்தில் நுனி நிறைய இருந்தது. என் தங்கை கடைசியில் கொஞ்சம் இருந்தாள்.

"வடியுமானால் வருகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த "ஆனால்" என்பதை எடுத்துக்கொண்டு நான் எங்கள் ஊரான அலங்காநல்லூருக்குப் போக முடியாது. நிலைமையைத் தெளிவாக எழுதுகிறேன்.

தங்கப்பொண்ணு புருஷனை இழந்து ஆறு வருஷம் ஆகிறது. அன்று வளையலை உடைக்க வந்தவர்களை வாசலில் மறித்து நின்றவர் நீங்கள். "இவளுக்கு நானே மறுமணம் செய்து வைப்பேன்" என்று ஊர் நடுவில் சொன்னவரும் நீங்கள்தான். அவள் அதை நம்பினாள். இப்போது கப்பலூரில் பட்டறை வேலை பார்க்கும் சின்னச்சாமி அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று தானாக வந்து நிற்கிறான். அவன் அம்மா ராக்கம்மாள் சம்மதிக்க இம்புட்டு நாள் ஆனது. போன ஞாயிறு போய்ப் பேசினேன். அந்த அம்மாள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எம் மகன் கட்டுறது தப்புன்னு நான் சொல்லல தாயி. ஐயரு இதுக்கு வரமாட்டாரு. வேணாம், போகட்டும். ஆனா ஐயருக்கு மேல ஒரு ஆளு முன்னால நிக்கணும். நாளைக்கு எவனும் எங்கள ஒரு சொல்லு சொல்லிரக் கூடாது. ஒம் புருசன் வந்து நிப்பாருன்னா நாளக் குறி. இல்லயா, எம் மகனுக்கு நான் வேற எடம் பாக்குறேன்."

நீங்கள் வருவீர்கள் என்று வைத்து, நீங்கள் விரும்பியபடியே நல்ல நேரம் பார்க்காமல் நாள் குறித்துவிட்டோம். ஜனவரி 29, ஞாயிற்றுக்கிழமை மாலை, இராகு காலத்தில்.

அந்தப் பேச்சின்போது எங்கள் ஆண்டிச்சாமி சித்தப்பாவும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஆரம்பம் முதல் அவருக்கு இந்தக் கல்யாணம் பிடிக்கவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டே, "மாப்ள வரமாட்டாரு, எழுதி வச்சுக்க. மூக்கு போன மனுசன் மேடைக்கு எப்பிடித் தாயி வருவாரு?" என்றார். வருவார் என்று சொல்லும் தெம்பு இல்லை, வரமாட்டார் என்று சொல்ல மனசும் இல்லை.

குளிரில் மூக்கு வலித்தால் வெளியே போகாதீர்கள். வேறு ஒன்றும் இல்லை.

பாண்டியம்மாள்

திருவல்லிக்கேணி
12-12-1977

அன்பிற்குரிய பாண்டியம்மாளுக்கு,

உன் மடலைப் பலமுறை படித்தேன். அதில் சினம் இருந்திருந்தால் மறுமொழி எழுதுவது எளிதாக இருந்திருக்கும். களைப்பு இருந்தது. களைத்தவர்க்கு மறுமொழி சொல்லும் பயிற்சி எனக்கு இல்லை.

நேற்று இயக்கத் தோழர்கள் வந்திருந்தார்கள். பொங்கல் கூட்டங்களுக்குச் சுவரொட்டி அடிக்க வேண்டுமாம். என் முகத்தின் பழைய அச்சுக்கட்டை தேய்ந்துவிட்டதால் புதிய நிழற்படம் எடுக்க ஒரு நிலையத்திற்கு அழைத்துச் சென்றார்கள். ஒளி விளக்கை ஏற்றியதும் படம் எடுப்பவர் என் முகவாயைத் தாழ்த்தினார், பிறகு வலப்பக்கம் திருப்பினார், பிறகு இடப்பக்கம். கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு, "சார், பழைய படமே இருந்தா அதையே பெருசு பண்ணிக்கலாமே" என்றார். தோழர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருபதாண்டு மேடை வாழ்வில் என் முன்னே மக்கள் அழுததுண்டு, கொதித்ததுண்டு, கல்லெறிந்ததும் உண்டு. இரங்கியதில்லை. அந்த இரக்கத்தை நான் தாங்கமாட்டேன்.

ஆகவே வேறொரு மருத்துவரைப் பார்த்தேன். தனியே மருத்துவம் செய்பவர். நுனியைத் திறந்து, உள்ளே தடித்திருக்கும் தழும்பைச் சீவி, குருத்தெலும்பைக் குறைத்துத் தாழ்த்திவிடலாம் என்கிறார். சனவரி 25 அன்று செய்வதாக நாள் கொடுத்திருக்கிறார். பழைய மருத்துவரிடம் இதைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான். "வடியறதுக்கு முன்னாடி வெட்டினா, எது வீக்கம் எது மூக்குன்னு அவருக்கே தெரியாது. தோல் கறுத்துப் போச்சுன்னா அப்புறம் எங்கிட்ட வராதீங்க" என்றார். சொல்லிவிட்டு அடுத்த நோயாளியை அழைத்தார்.

அடுத்த நோயாளி சீனியம்மாள் என்ற தேனிப் பக்கத்துப் பெண். அவள் கணவன் ஐயத்தினால் அவள் மூக்கை அரிவாளால் அறுத்துவிட்டான். நெற்றித் தோலை மடித்து இறக்கி இவர்கள் புது மூக்கு வைத்திருக்கிறார்கள். வராந்தாவில் காத்திருந்தபோது என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். "அண்ணே, ஒங்களுக்கு எதுக்குண்ணே இங்க சீட்டு?" என்று கேட்டாள். நுனி என்றேன். "நுனியா?" என்றாள். அவள் ஊருக்குப் போகும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். அங்கே அவளுக்குக் குழந்தைகள் இருக்கின்றன. இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.

திருமணத்தைப் பற்றி: நான் வர இயலாது. அதற்காகத் திருமணம் நிற்கவும் கூடாது. நான் ஆய்ந்து ஒரு வழி கண்டேன். என் தலைமை உரையையும், மணமக்கள் ஏற்க வேண்டிய உறுதிமொழியையும் ஒலிநாடாவில் பதிவு செய்து அனுப்புகிறேன். மக்கள் என்னிடம் வேண்டுவது என் குரல். அந்தக் குரலுக்கு ஊறு நேரவில்லை. ராக்கம்மாளிடம் எடுத்துச் சொல்.

அன்புடன்,
முத்திருளன்

ஆரப்பாளையம்
20-12-1977

மாமாவுக்கு,

ராக்கம்மாளிடம் நான் எடுத்துச் சொல்லவில்லை. சொன்னால் அந்த இடத்திலேயே கல்யாணம் நின்றுபோகும்.

தங்கப்பொண்ணுவிடம் மட்டும் சொன்னேன். அவள் மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க்கா, மாமாவுக்கு மூக்கு இருக்கா இல்லையா?"

"இருக்குடி."

"மூச்சு விடுறாரா?"

"விடுறாரு."

"அப்ப வரச் சொல்லு."

அவ்வளவுதான் பேசினாள். பிறகு மாட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் புரட்டாசியில் சென்னைக்கு வந்தபோது உங்கள் மூக்கைப் பார்த்தேன். தடித்திருந்தது உண்மை. தூக்கியிருந்ததும் உண்மை. அழகாக இருக்கிறது என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள், எனக்கும் பொய் எழுத வராது. ஆனால் நான் பார்த்தது ஒரே ஒரு பகல். அதிலும் நீங்கள் பாதி நேரம் கையால் மறைத்துக்கொண்டும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டும் இருந்தீர்கள். எனக்குப் பழக வேண்டாமா? பார்க்கப் பார்க்கத்தானே பழகும்? ஒளித்து வைத்தால் எனக்கு எப்படிப் பழகும்?

வெட்டிக்கொள்வதும் வெட்டிக்கொள்ளாததும் உங்கள் மூக்கு. பழைய டாக்டர் சொன்னது எனக்குச் சரியாகப் படுகிறது. நீங்கள் அதைக் கேட்கமாட்டீர்கள் என்றும் தெரிகிறது. அறுவையைப் பிப்ரவரிக்குத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். ஒரு நாள் மாலை மட்டும் வந்து நில்லுங்கள். பேசக்கூட வேண்டாம்.

அரையாண்டுத் தேர்வுத் தாள்கள் மேசையில் கிடக்கின்றன. திருத்த வேண்டும்.

பாண்டியம்மாள்

திருவல்லிக்கேணி
18-1-1978

பாண்டியம்மாளுக்கு,

பொங்கல் வாழ்த்து. இந்த மடலுடன் ஒலிநாடாவை மேலமாசி வீதி ஒலிபெருக்கி நிலைய உரிமையாளர் ஜலாலிடம் கொடுத்து அனுப்புகிறேன். கருவி வாங்க இங்கு வந்திருந்தவர் என்னைத் தேடி வந்தார். விளக்கை ஏற்றாமலே பேசிக்கொண்டிருந்தோம். அவரும் ஏற்றச் சொல்லவில்லை.

உரை இருபது மணித்துளி ஓடும். பெண்ணின் விடுதலையில் தொடங்கி, கைம்மையின் கொடுமையைச் சொல்லி, மணமக்களை வாழ்த்தி முடித்திருக்கிறேன். அண்மையில் நான் ஆற்றியவற்றுள் இது தலைசிறந்தது என்றே எண்ணுகிறேன். ஒலிப்பெட்டியைத் தரையில் வைக்காதே. மேசையில் துணி விரித்து, நான் நிற்கும் உயரத்திற்கு வை. உறுதிமொழிக்கு இடையிடையே நிறுத்தம் விட்டிருக்கிறேன். மணமக்கள் அந்த இடைவெளியில் திருப்பிச் சொல்ல வேண்டும்.

வேறு வழி இருந்திருந்தால் வந்திருப்பேன்.

முத்திருளன்

திருவல்லிக்கேணி
1-2-1978

பாண்டியம்மாளுக்கு,

திருமணம் நடந்து முடிந்திருக்கும். மணமக்கள் நீடு வாழ்க.

அந்தத் தனி மருத்துவர் வெளியூர் சென்றுவிட்டதால் அறுவை தள்ளிப்போயிற்று. புதிய நாள் கேட்கவில்லை. பழைய மருத்துவரிடம் மறுபடி போனேன். அவர் நுனியை இரு விரலால் அழுத்திப் பார்த்து, "ஆவணியில பாக்கலாம்" என்றார். இரவில் நன்றாக உறங்குகிறேன். பகலிலும் உறங்குகிறேன்.

நீ உடல்நலத்தைப் பார்த்துக்கொள். மிகவும் இளைத்திருப்பாய்.

முத்திருளன்

ஆரப்பாளையம்
6-2-1978

மாமாவுக்குப் பாண்டியம்மாள் எழுதுவது.

கடிதம் வந்தது. இருபது வருஷமாக எங்கே பேசிவிட்டு வந்தாலும், செருப்பைக் கழற்றும் முன்னால் நீங்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "பேச்சு எப்படி இருந்தது?" இந்த முறை கேட்கவில்லை. அதனால் கேட்காமலே சொல்கிறேன்.

பந்தல் நிறைந்த கூட்டம். நீங்கள் வருகிறீர்கள் என்றுதான் ஊர் நினைத்திருந்தது. நானும் யாரிடமும் மறுத்துச் சொல்லவில்லை. ஜலால் அண்ணன் மேசையில் துணி விரித்து, நீங்கள் எழுதிய உயரத்துக்குப் பெட்டியை வைத்தார். நாடா ஓடத் தொடங்கியது. "அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே" என்று உங்கள் குரல் வந்ததும் எல்லோரும் எழுந்து வாசலைப் பார்த்தார்கள். பிள்ளைகள் ஓடிப்போய் ஒலிபெருக்கிக் குழாய்க்குள் எட்டிப் பார்த்தன. ஒரு கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னடி இது, ஆளக் காணோம் பேச்சு மட்டும் வருது. ஒம் புருசன் நல்லாத்தான இருக்காரு?" என்று அழப் போனாள். செத்துப்போனவர் பேசுவதாக அவள் நினைத்துவிட்டாள்.

பின்னால் ஓர் இளவட்டம் கத்தினான்: "மூக்கப் பட்டணத்துல வச்சுக்கிட்டு வாய மட்டும் பார்சல்ல அனுப்பிட்டாருப்பா!" பந்தலே சிரித்தது. ஆண்டிச்சாமி சித்தப்பா சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு சட்டையில் வழிந்தது. நீங்கள் அப்போது கைம்மையின் கொடுமைக்கு வந்திருந்தீர்கள்.

ராக்கம்மாள் எழுந்துவிட்டாள். "எந்திரிடா சின்னச்சாமி. பொட்டிக்கு முன்னாலயா தாலி கட்டுவ? எந்திரி, போவோம்."

சின்னச்சாமி எழவில்லை. உட்காரவும் இல்லை. பாதியில் நின்றான். என் தங்கை மாலையைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். ஆறு வருஷம் அந்த ஒரு கணத்தில் கைவிட்டுப் போவதை நான் பார்த்தேன்.

என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. பெட்டியை நிறுத்தினேன். ஒலிவாங்கியைப் பிடித்தேன். அது குழாயில் இரைந்தது. நான் வகுப்பறைக்கு வெளியே பேசியவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

"அத்தே, ஒங்களுக்கு முன்னால நிக்க ஒரு ஆளுதான வேணும்? நான் நிக்கிறேன். இவ எந் தங்கச்சி. நாளைக்கு இவளுக்கு ஒரு கஷ்டம்னா வந்து நிக்கப் போறதும் நாந்தான். ஒங்க மகனுக்கு ஒண்ணுன்னாலும் நாந்தான் வருவேன். எவனாவது ஒங்கள ஒரு சொல்லு சொன்னா என்னய வந்து கேக்கச் சொல்லுங்க. ஆரப்பாளையம் பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்கேன், எங்கயும் ஓடிற மாட்டேன்."

ராக்கம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். உட்கார்ந்தாள். "சரி, சொல்லு. சுருக்கமாச் சொல்லு. பொழுது போகுது."

உறுதிமொழி எனக்கு நினைவுக்கு வரவில்லை. நீங்கள் எத்தனையோ கல்யாணத்தில் சொல்லிக் கேட்டிருந்தும் வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். ஒருவருக்கு ஒருவர் சோறு வைப்போம், நோயில் கூட இருப்போம், அடிக்கமாட்டோம், ஒளிக்கமாட்டோம். இரண்டு பேரும் திருப்பிச் சொன்னார்கள். மாலை மாற்றினார்கள். சின்னச்சாமி தாலி கட்டினான். ஜலால் அண்ணன் நாகசுர இசைத்தட்டைப் போட்டார். முடிந்தது.

பந்திக்குப் போகும் வழியில் தங்கப்பொண்ணு என் காதருகே குனிந்தாள். மாலை இடித்தது.

"அக்கா, மாமா வந்திருக்காரு. திரும்பிப் பாக்காத."

"எங்கடி?"

"அடுப்புக்குப் பின்னால, வெறகு அடுக்கி இருக்குல்ல, அங்க. மூஞ்சியில துண்டச் சுத்திக்கிட்டு."

"நீ எப்படிடி பாத்த? எனக்கே தெரியலையே."

"தாலியறுத்தவ முகூர்த்தத்துல மொகத்தக் காட்டக் கூடாதுன்னு ஒவ்வொரு கலியாணத்துலயும் என்னய நிக்க வச்ச எடம் அது. ஆறு வருசம் நின்னுருக்கேன். பந்தலுக்கு வந்ததும் என் கண்ணு அங்கதான் போகும்."

ஓர் இலையில் சோறும் பாயசமும் எடுத்துக்கொண்டு அங்கே போனேன். நீங்கள் இல்லை. மதுரை பஸ் அப்போதுதான் கிளம்பியது என்றார்கள். அலங்காநல்லூரிலிருந்து அது ஆரப்பாளையத்துக்குத்தான் வரும். அங்கிருந்து நம் வீட்டுக்கு நடந்தே வரலாம். நீங்கள் வரவில்லை.

எந்த நேரம் வந்தீர்கள், சிரிப்பைக் கேட்டீர்களா, நான் பேசியதைக் கேட்டீர்களா என்று நான் கேட்கப் போவதில்லை. எனக்கு அசதியாக இருக்கிறது மாமா. கோபப்படுவதற்கும் கொஞ்சம் உடம்பில் தெம்பு வேண்டியிருக்கிறது.

வருகிற ஞாயிறு, 12ஆம் தேதி, பெண்ணும் மாப்பிள்ளையும் நம் வீட்டுக்கு விருந்துக்கு வருகிறார்கள். ராக்கம்மாளும் ஆண்டிச்சாமி சித்தப்பாவும் உண்டு. கூடத்தில் முன் வரிசையில், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில், உங்களுக்கு இலை போடச் சொல்லியிருக்கிறாள் தங்கப்பொண்ணு. போடுவேன். வந்தால் துண்டில்லாமல் வாருங்கள். எல்லோரும் உங்கள் மூக்கைப் பார்ப்பார்கள். பார்க்கமாட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். சித்தப்பா ஏதாவது சொல்லவும் சொல்வார். கொஞ்ச நேரம் பார்ப்பார்கள். பிறகு சோறு ஆறிவிடும் என்று சாப்பிடத் தொடங்கிவிடுவார்கள்.

பாண்டியம்மாள்